வெள்ளெழுத்தும் கூலி நாளும்

இலவசமாகக் கிடைக்கும் ஒரு நன்மையை, அது தேவைப்படுகிறவனே வேண்டாமென்று விட்டுவிடுவானா என்று நம் அங்கத்தினர்களைக் கேட்டால், விடமாட்டான் என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். நாமும் இவ்வேலைக்கு வந்த புதிதில் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையானது என்பதைப் பாலவனத்தம் பக்கத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றின் திண்ணையில்தான் கற்றுக்கொண்டோம்.

அன்று கூலி வழங்கும் நாள். ஆய்வுக்காகச் சென்றிருந்த நாம் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம். அங்கத்தினர்கள் நெய்த துணியைக் கொண்டுவந்து கொடுப்பதும், தரம் பார்ப்பவர் அதை மேசைமீது விரித்து நோக்குவதும், கூலி எழுதப்படுவதுமாக இருந்தது. நாற்பத்தெட்டு வயது மதிக்கத்தக்க நெசவாளர் ஒருவரின் சேலையில் நான்கைந்து இடங்களில் இழை விட்டுப் போயிருந்தது. இரண்டாந்தரம் என்று ஒதுக்கிக் கூலியில் குறைத்தார்கள். அவர் வாதாடவில்லை. சீட்டை வாங்கிக் கையை முழுவதும் நீட்டிப் பிடித்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு அருகில் நின்ற பையனிடம், "தம்பி, எம்புட்டுப் போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"அண்ணாச்சி, கண்ணைக் காட்டிப் பார்க்கக் கூடாதா?" என்றோம்.

"கண்ணுக்கு என்ன சார்? ரோட்டுல வர்ற பஸ் போர்டு நல்லாத் தெரியுது. அச்சுதான் பழசாப் போச்சு. இழை நிக்க மாட்டேங்குது."

வேறு அச்சுக் கேட்டு ஏற்கனவே மனுக் கொடுத்திருந்தார். அதுவும் சரிப்படாவிட்டால் தறியைப் பிரித்துப் போட்டுவிட்டு நூற்பாலை ஒன்றில் இரவுக் காவலுக்குப் போய்விடுவதாகவும் சொன்னார். முப்பது ஆண்டுகள் தறியில் உட்கார்ந்த கை அது. இதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் அவ்வூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தூரத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம் ஒன்று நடந்திருக்கிறது. துண்டுப் பிரசுரங்கள் சங்கத்துக்கும் வந்தன. அவற்றில் ஒரு கட்டு, நூல் பொட்டலங்களின் மேல் அப்படியே கிடந்ததை நாம் பார்த்தோம். முகாமுக்கு எத்தனை அங்கத்தினர்கள் சென்றார்கள் என்று காரியதரிசியை வினவியபோது, அவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கி ஒரு கை விரல் முடிவதற்குள் நிறுத்திக்கொண்டார்.

ஏன் போகவில்லை என்று திண்ணையில் இருந்தவர்களைக் கேட்டோம். ஒருவருக்குப் பாவு தறியில் ஏறியிருந்தது. இன்னொருவர், "முகாம்னா ஆபரேசன் பண்ணிடுவாங்க" என்று அஞ்சினார். மானாவாரி நிலம் வைத்திருக்கும் மற்றொருவர், அன்றுதான் மழை பெய்து மண் பதமாக இருந்தது, விதைப்பை விட்டுவிட்டு எப்படிப் போவது என்றார். கரிசலில் விதைப் பதம் மூன்று நாளைக்கு நில்லாது என்பதை அறிந்தவர் எவரும் அவரைக் குறைகூற மாட்டார். ஒரு பெரியவர் மட்டும், வயதானால் கண் மங்குவது இயற்கைதானே, அதற்கு எதற்கு வைத்தியம் என்று நம்மையே திருப்பிக் கேட்டார். இவர்களில் ஒருவரும் அறிவிலி அல்லர். முகாமை நடத்தியோரும் தம் கடமையில் குறை வைத்தவரல்லர். பொருளுக்கும் அதை வேண்டுபவருக்கும் நடுவே ஒரு பாதை போடப்படவில்லை, குறை அவ்வளவே.

அப்பாதையைப் போடும் கலைக்கு இன்று உலகில் சமூகநலச் சந்தைப்படுத்தல் என்று பெயர். இலாபத்துக்காகச் சோப்பும் தேயிலையும் விற்பவன் கையாளும் முறைகளை, இலாப நோக்கமின்றி, மக்களின் உடல்நலத்தின் பொருட்டுக் கையாளுவதே அது. சோப்பை விற்பது போலச் சகோதரத்துவத்தை விற்க ஏன் இயலவில்லை என்ற கேள்வியை வீப் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1950-களின் தொடக்கத்திலேயே எழுப்பினார். 1971இல் காட்லர், சால்ட்மன் என்ற இரு பேராசிரியர்கள் இதற்கு இலக்கணம் வகுத்து எழுதினர். பொருள் எது, விலை என்ன, எந்த இடத்தில் கிடைக்கும், எவர் வாயால் சொல்லப்படும் என்ற நான்கையும் வாங்குபவரின் பக்கம் நின்று தீர்மானிக்க வேண்டும் என்பது அதன் சாரம். கூட்டுறவாளர்களாகிய நமக்கு இது முற்றிலும் புதிதன்று. 1844இல் ராச்டேல் நெசவாளர் முதலியோர் தொடங்கிய கடை, கலப்படமில்லாத மாவையும் வெண்ணெயையும் சரியான எடையில் தொழிலாளரின் தெருவிலேயே விற்றது. அக்காலத்தில் மாவில் சுண்ணமும் வேறு குப்பையும் கலப்பது வழக்கமாக இருந்தமையால், அதுவும் உடல்நலத் தொண்டேயாகும்.

நம் நாட்டில் இம்முறை பெரிய அளவில் முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டது குடும்பக் கட்டுப்பாட்டில். இப்பொருளைப் பற்றி இப்பத்திரிகையில் எழுதுவதா என்று முகஞ்சுளிக்கும் பெரியோர் பொறுத்தருள்க. வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. 1964இல் கல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகத்தில் பணிபுரிந்த பீட்டர் கிங்கும் அவரைச் சேர்ந்தோரும், ஆணுறையை மருத்துவமனையில் மட்டும் வைத்திராமல் நாடெங்குமுள்ள பெட்டிக்கடைகளில் மலிவு விலைக்கு வைக்க வேண்டும் என்று ஒரு திட்டம் வரைந்தனர். அதை ஏற்று இந்திய அரசு 1968இல் 'நிரோத்' என்ற பெயருடன் அதைச் சந்தைக்குக் கொணர்ந்தது. மூன்றுக்கு 15 பைசா விலை. அடக்க விலையில் பெரும்பகுதியை அரசே ஏற்றது. இதைக் கடைகளுக்குக் கொண்டுசேர்க்க அரசு புதிதாக ஒரு இலாகாவைத் தோற்றுவிக்கவில்லை. ஹிந்துஸ்தான் லீவர், புரூக் பாண்ட், லிப்டன், டாடா ஆயில் மில்ஸ், யூனியன் கார்பைடு, இம்பீரியல் டொபாக்கோ ஆகிய ஆறு பெரிய கம்பெனிகளின் வண்டிகள் ஏற்கனவே சென்றுகொண்டிருந்த வழிகளிலேயே அது சென்றது. தேயிலைப் பொட்டலமும் டார்ச் விளக்குக் கட்டையும் எக்குக்கிராமம்வரை போகுமானால் இதுவும் போகும் என்பதே கணக்கு. உள்நாட்டிலேயே உற்பத்தி செய்வதற்கென்று 1966இல் ஹிந்துஸ்தான் லேடெக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் ஏற்படுத்தப்பட்டு, திருவனந்தபுரத்தில் ஆலை அமைந்தது. சுவர்தோறும் சிவப்பு முக்கோணம் எழுதப்பட்டதும் அக்காலத்தில்தான். எழுத்தறியாதவரும் அதைக் கண்டு அறிந்துகொண்டனர்.

பெயர் வைப்பதில் நேர்ந்த ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். முதலில் ஆலோசிக்கப்பட்ட பெயர் மன்மதனைக் குறிக்கும் வகையில் 'காமராஜ்' என்பதாம். அந்நாளில் காங்கிரஸின் அகில இந்தியத் தலைவராக இருந்தவர் யார் என்பதை யாரோ நினைவூட்டியபின் அது கைவிடப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. டில்லியில் அப்படி ஒரு யோசனை நிறைவேறியிருந்தால் விருதுநகர்க் கடைவீதியில் என்ன நடந்திருக்கும் என்பதை அங்கத்தினர்களின் கற்பனைக்கே விடுகிறோம். ஆனால் இதிலும் ஒரு பாடம் உண்டு. ஒரு சொல் எந்த ஊரில் எந்தக் காதில் விழப்போகிறது என்பதை அறியாமல் பிரசாரம் செய்யலாகாது. "முகாம்" என்ற சொல்லைக் கேட்டதும் நம் திண்ணையில் ஒருவருக்குக் கத்திதான் நினைவுக்கு வந்தது.

நிற்க. விலை வைத்து விற்பதே மேல், இலவசமாகக் கொடுத்தால் மதிப்பில்லை என்று கூறுவோர் பலர். நம் சங்கங்களின் பொதுப்பேரவையிலும் இக்குரலைக் கேட்கலாம். இது எப்பொழுதும் உண்மையன்று. ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா நாட்டில், மலேரியா காய்ச்சலைத் தடுக்கும் கொசுவலையைக் கர்ப்பிணிகளுக்குச் சில இடங்களில் இலவசமாகவும் சில இடங்களில் சிறு விலைக்கும் கொடுத்துப் பார்த்தனர். 2010இல் வெளியான அந்த ஆராய்ச்சி கூறுவது யாதெனில், 60 சென்ட் விலை வைத்த மாத்திரத்தில் வலை வாங்குவோர் நூற்றுக்கு அறுபது பேர் குறைந்தனர் என்பதும், இலவசமாகப் பெற்றவர்கள் விலை கொடுத்தவர்களைக் காட்டிலும் குறைவாக அதைப் பயன்படுத்தவில்லை என்பதுமாம். ஆகவே இலவசமா, விலையா என்பதைக் கொள்கைச் சண்டையாக ஆக்குதல் வீண். எந்தப் பொருள், யாருக்கு, எவ்வளவு அவசரம் என்று பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது அது.

உப்பைப் பற்றி ஒரு சொல். நம் பக்கத்து மாவட்டமாகிய இராமநாதபுரத்தில் வாலிநோக்கத்தில் உப்பளம் நடத்தும் தமிழ்நாடு உப்புக் கழகம் 1974இல் தோன்றியது. அயோடின் சேர்த்த உப்பும், அதனுடன் இரும்புச் சத்தும் சேர்த்த உப்பும் அதன் வாயிலாக விற்பனைக்கு வந்தன. 2014இல் இவை 'அம்மா உப்பு' என்ற பெயரில் சந்தைக்கு வந்தன. தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகளுள் மிகப் பெரும்பான்மை கூட்டுறவுச் சங்கங்களால் நடத்தப்படுவன. எனவே சத்துள்ள உப்பைத் தெருக்கோடிவரை கொண்டுசெல்லும் பாதை நம் கையிலேயே இருக்கிறது. எனினும் விற்பனையாளர் அதன் பயனை ஒரு வாக்கியத்தில் சொல்லத் தெரியாதவராயின் அப்பொட்டலம் அலமாரியிலேயே கட்டிதட்டிப் போகும். இதனை இவ்வளவோடு நிறுத்தி, நம் நெசவாளரின் கண்ணுக்குத் திரும்புவோம்.

கண்ணைப் பொறுத்தவரை உலகமே வந்து படித்துச் செல்லும் பாடம் நமக்கு வெகு அருகில், மதுரையில் இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1918இல் நம்மைப் போன்ற கரிசல் பூமியில், எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலேயே முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயின. அவ்விரல்களைக் கொண்டே கத்தி பிடிக்கப் பழகிக் கண் அறுவையில் தேர்ந்தார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் 1976இல் மதுரை அண்ணாநகரில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கொடுக்க வல்லவரிடம் பெறும் வருவாயைக் கொண்டு, கொடுக்க இயலாதவருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை செய்வது அதன் முறை. 2006இல் அவர் மறையும்போது தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி ஆகிய இடங்களிலும் அதன் மருத்துவமனைகள் இயங்கிக்கொண்டிருந்தன.

அவரைப் பற்றிய புகழ்மொழிகள் அங்கத்தினர்களுக்குத் தெரிந்தவையே. நமது ஆய்வுக்கு வேண்டியது, அம்மருத்துவமனை தன் தோல்வியை எவ்வாறு ஆராய்ந்தது என்பது. அறுவை இலவசம் என்று அறிவித்த பின்னும், கண்புரையால் பார்வை இழந்த பலர் வரவில்லை. காரணம் அறிய வேண்டி, ஊர்களைப் பல தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் வெவ்வேறு முறையில் செய்தி சொல்லியும் வெவ்வேறு அளவில் செலவை ஏற்றும் பரீட்சித்தனர். அதன் முடிவுகள் 1991இல் வெளியாயின. அறுவைக்கு மட்டும் கட்டணமில்லை என்று சொன்ன ஊர்களைவிட, போக்குவரத்து, உணவு முதலிய செலவுகளையும் சேர்த்து ஏற்ற ஊர்களில் அதிகம் பேர் இசைந்தனர். செய்தி சொல்லும் முறைகளுள் ஒன்று மிகவும் கவனிக்கத்தக்கது. ஏற்கனவே அறுவை செய்துகொண்டு பார்வை பெற்ற ஒருவரே வீடு வீடாகச் சென்று தம் கண்ணைக் காட்டிப் பேசுவது அது. டாக்டர் வந்து சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்வர். போன ஆண்டுவரை சுவரைத் தடவி நடந்த பக்கத்துத் தெருக் கிழவி வந்து, "உன் மூக்குத்தி ஒரு கல்லா ரெண்டு கல்லா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டால் அங்கே வாதத்துக்கு இடமேது?

இவ்வளவு செய்த பின்னும் அவர்கள் திருப்தியடைந்து உட்காரவில்லை. நெடுங்காலமாக முகாம்கள் நடைபெறும் பகுதிகளிலேயே, கண் குறையுள்ளவர்களுள் எத்தனை பேர் முகாமுக்கு வருகிறார்கள் என்று கணக்கிட்டதில், நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேரே வருவது தெரிந்தது. 1999இல் இதையும் மறைக்காமல் வெளியிட்டனர். தம் சாதனையைச் சொல்லும் அறிக்கைகளை நாம் எத்தனையோ படிக்கிறோம். நாமே எழுதவும் செய்கிறோம். வந்தவர் தொகையை எண்ணுவது எளிது. வராதவரை எண்ணிய அறிக்கை அரிது. அதன் பயனாக, முகாமை மட்டும் நம்பியிராமல், சிற்றூர்களை ஒட்டிய இடங்களில் பார்வை மையங்கள் என்று சிறு நிலையங்கள் அமைக்கப்பட்டன. பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களே அங்குக் கண்ணைப் பரிசோதிக்கிறார்கள். மருத்துவர் நகரில் இருந்தபடியே தொலைத்தொடர்பு வாயிலாக நோயாளியுடன் பேசி முடிவு கூறுகிறார்.

பொருளின் விலையைக் குறைப்பதிலும் அவர்கள் கைவைத்தனர். கண்புரை அறுவையின்போது கண்ணுக்குள் வைக்கும் செயற்கை வில்லை அந்நாளில் அயல்நாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. ஒன்றுக்கு ஏறத்தாழ 100 டாலர். 1992இல் மதுரையிலேயே அரோலேப் என்ற உற்பத்திச்சாலையை நிறுவி, அவ்விலையைப் பத்தில் ஒரு பங்களவுக்கு இறக்கினர். நூலை வெளியில் வாங்கி நெய்பவனுக்கும், நூற்பாலையைத் தானே கூட்டுறவில் நடத்துபவனுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி வெள்ளெழுத்து. இது நோயன்று. நாற்பது வயதை ஒட்டி, கண்ணுள் இருக்கும் வில்லை தன் நெகிழ்ச்சியை இழக்கிறது. கிட்டத்தில் உள்ளதைப் பார்க்க அது குவிய வேண்டும், குவிய முடிவதில்லை. தூரப் பார்வை கெடாதிருப்பதால், பஸ் போர்டு தெரிகிறவருக்குத் தம் கண்ணில் குறை என்ற எண்ணமே வருவதில்லை. நம் நெசவாளர் அச்சின்மீது பழி போட்டது இதனால்தான். உழவருக்கு இக்குறை சிறிது காலம் தெரியாமலே கழியலாம். அறுந்த இழையைத் தேடி விழுதிலும் அச்சிலும் கோத்து முடிய வேண்டிய நெசவாளருக்கும், பாவு பிணைப்பவருக்கும், தார் சுற்றும் பெண்களுக்கும் அது முதல் நாளே கூலியில் வந்து நிற்கும். பரிகாரமோ மிக எளியது: வெறும் குவிவில்லைக் கண்ணாடி ஒன்று.

இவ்வெளிய கண்ணாடியால் வருவாய் எவ்வளவு மாறும் என்பதற்கு நம்பத்தக்க அளவைகள் இரண்டு உண்டு. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 751 தொழிலாளரைக் கொண்டு நடத்திய சோதனை 2018இல் வெளியாயிற்று. பாதிப்பேருக்கு உடனே கண்ணாடி கொடுத்தனர். மீதிப்பேருக்குச் சோதனை முடிந்தபின் கொடுத்தனர். கண்ணாடி அணிந்தோர் நாளொன்றுக்குக் கிள்ளிய இலையின் எடை, அணியாதோரைவிட நூற்றுக்கு 21.7 பங்கு கூடுதலாக உயர்ந்தது. இலை கிள்ளுவதற்கே இப்படியென்றால் இழை முடிவதற்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வங்காளதேசக் கிராமங்களில் 35 முதல் 65 வயதுள்ள 824 பேரிடம் நடத்திய மற்றொரு சோதனையில், கண்ணாடி பெற்றவரின் வருவாய் எட்டு மாதங்களில் மூன்றில் ஒரு பங்கு கூடியது. இது 2024இல் வெளிவந்தது.

அப்படியானால் அங்கத்தினர் ஏன் தாமாகவே நகருக்குச் சென்று கண்ணாடி வாங்கிக்கொள்வதில்லை? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் உதாரணத்துக்காகக் கொண்டவை. அவரவர் ஊர் நிலவரத்துக்கேற்ப மாற்றிக்கொள்க. நாட்கூலி 400 ரூபாய் எனக் கொள்வோம். பரிசோதனைக்கு ஒரு நாள், கண்ணாடியைப் பெற்றுவர ஒரு நாள். கூலி நஷ்டம் 800 ரூபாய். இரண்டு நாளைக்குப் பஸ் சத்தமும் சாப்பாடும் 200 ரூபாய். கண்ணாடி விலை 200 ரூபாய். ஆக மொத்தம் 1,200 ரூபாய். இப்பொழுது ஒரு தருமவான் முன்வந்து கண்ணாடியை இலவசமாகக் கொடுக்கிறார். நெசவாளருக்குச் செலவு 1,000 ரூபாய்! தருமவான் நீக்கியது ஆறில் ஒரு பங்குதான். மாறாக, கண்ணாடிக்கு முழு விலையையும் வாங்கிக்கொண்டு, பரிசோதனையையும் கண்ணாடியையும் கூலி நாளன்று சங்கத் திண்ணைக்கே கொண்டுவந்துவிட்டால், அவர் கையை விட்டுப் போவது 200 ரூபாய் மட்டுமே. அன்றைக்கு எப்படியும் அவர் அங்கு வரவேண்டியவர்; தறி அன்று நின்றுதான் இருக்கும். இலவசம் என்று எழுதிய துண்டுப் பிரசுரம் ஏன் நூல் பொட்டலத்தின்மேல் கிடந்தது என்பதற்கு இக்கணக்கே விடை. அரவிந்த் முகாம்களில் பரிசோதித்த இடத்திலேயே கண்ணாடியைப் பொருத்திக் கையில் கொடுத்து அனுப்புவது இதனாலேயே. சீட்டு எழுதிக் கொடுத்தால் சீட்டு மடியில் கிடக்கும்.

சங்கங்கள் செய்ய வேண்டியதைச் சொல்லுமுன் செய்யலாகாததைச் சொல்லிவிடுகிறோம். சந்தையில் சாக்குமேல் பரப்பி விற்கும் கண்ணாடிகளை மொத்தமாக வாங்கி வயதுக்குத் தக்கபடி வினியோகித்துவிடலாம் என்று ஒரு சங்கத் தலைவர் நம்மிடம் ஆர்வத்தோடு கூறினார். அது தவறு. வெள்ளெழுத்து வரும் அதே வயதில்தான் கண்நீர் அழுத்தமும், நீரிழிவால் விழித்திரைக் கேடும் ஓசையின்றி வருகின்றன. கண்ணாடி கிடைத்துவிட்டது என்று பரிசோதனையை விட்டுவிட்டால், இழை தெரிந்த கண் சில ஆண்டுகளில் தறியே தெரியாத கண்ணாகலாம். ஆதலின் பயிற்சி பெற்றவர் கண்ணைப் பார்ப்பது முதல். கண்ணாடி அதற்குப் பின்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நெசவாளர் சங்கங்களுக்கே உரியது. பத்திரிகை படிக்கும் தூரம் வேறு, தறியில் உட்கார்ந்தால் கண்ணுக்கும் அச்சுக்கும் உள்ள தூரம் வேறு. தறியின் தூரம் கூடுதல். அதற்கு வேண்டிய வில்லையின் வலு குறைவு. எழுத்து அட்டையைக் கையில் கொடுத்து அதற்குத் தக்க கண்ணாடி எழுதிவிட்டால், நெசவாளர் அதைப் போட்டுக்கொண்டு தறியில் குனிந்து குனிந்து முதுகு நோகி, இரண்டாம் வாரமே மாடத்தில் வைத்துவிடுவார். பிறகு ஊரெங்கும், கண்ணாடி போட்டால் தலை வலிக்கும் என்ற செய்தி பரவும். அங்கத்தினர் ஒவ்வொருவரும் தத்தம் தறியில் உட்கார்ந்தபடி, கண்ணிலிருந்து நெய்யும் விளிம்புவரை ஒரு நூலால் அளந்து முடிச்சிட்டு, அந்நூலைப் பரிசோதனைக்குக் கொண்டுவருவது நலம். நூலுக்கா நம்மிடம் பஞ்சம்?

செலவைப் பற்றி. நல்ல நிலையிலுள்ள சங்கம், நிகர இலாபத்தில் சட்டப்படி ஒதுக்க வேண்டியவற்றை ஒதுக்கியபின், துணைவிதிகள் இடங்கொடுக்கும் அளவுக்குள் பொதுப்பேரவையின் தீர்மானத்தோடு ஒரு தொகையை இதற்கு எடுத்து வைக்கலாம். இலாபமே காணாத சங்கமும் அஞ்ச வேண்டியதில்லை. கண்ணாடியின் விலையைச் சில கூலி நாட்களில் சிறு சிறு தவணையாகப் பிடித்துக்கொள்ள, அங்கத்தினரிடம் எழுத்து மூலம் சம்மதம் பெற்றால் போதும். சம்மதமில்லாப் பிடித்தம் ஆய்வின்போது நம் கண்ணில் படுமாயின் அதை ஆட்சேபிப்போம் என்பதை நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம். விதவையர், நோயாளிகள், தறி நின்றுபோனவர் ஆகியோருக்கு இலவசமாகவே கொடுக்கலாம். ஆனால் யார் விலை கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது ஏட்டில் மட்டும் இருக்கட்டும். ஒரே விதமான கண்ணாடி, ஒரே விதமான கூடு. கண்புரை கண்டவர்களின் விஷயம் வேறு. அவர்களிடம் விலை பேசவே கூடாது. வண்டியும், துணைக்கு ஒருவரும், திரும்பும்வரை வீட்டுக்கு வேண்டிய ஏற்பாடும் சங்கம் முன்னின்று செய்தாலன்றி அவர்கள் புறப்பட மாட்டார்கள். விவசாயச் சங்கங்கள் இதற்கு நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தைப் பார்ப்பதைவிட வானத்தைப் பார்ப்பது மேல். புரட்டாசி, ஐப்பசியில் வைத்து ஆள் வரவில்லை என்று வருந்துவதைவிட, மாசிக்குமேல் அறுப்பு முடிந்தபின் வைக்கலாம்.

சொல்ல வேண்டியவர் யார் என்பதில் தவறக்கூடாது. காரியதரிசி சொன்னால் அது சுற்றறிக்கை. நாம் சொன்னால் அது உத்தரவு. ஏற்கனவே கண்ணாடி போட்டு நெய்கிற அங்கத்தினர் ஒருவரோ இருவரோ எந்தச் சங்கத்திலும் இருப்பர். அவர்கள் சொல்லட்டும்.

மேற்சொன்ன சங்கத்தில் நாம் ஒன்றும் சொல்லாமலே அது நடந்தது. அடுத்த முறை சென்றபோது, தரம் பார்ப்பவர் தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அந்த நெசவாளரிடம் நீட்டி, "இதைப் போட்டு உங்க சேலையை நீங்களே பாருங்க அண்ணாச்சி" என்றார். அவர் தயங்கி வாங்கி மாட்டிக்கொண்டு, விரித்த துணிமீது குனிந்தார். விரலால் ஒவ்வோர் இழையாகத் தடவிக்கொண்டே போனார். விட்டுப்போன இடம் வந்ததும் விரல் நின்றது. வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அச்சுக் கேட்டு எழுதிய மனுவைத் திரும்பத் தரும்படி காரியதரிசியிடம் கேட்டார்.

கூலி நாளன்று பரிசோதனை வைப்பதற்கு அச்சங்கத்தின் நிர்வாகக் குழு இசைந்து, பெயர்ப்பட்டியல் எடுத்திருக்கிறது. அவர் பெயர் அதில் ஏழாவதாக இருக்கிறது. தறித் தூரத்தை அளந்து முடிச்சிட்ட நூலைச் சட்டைப் பையில் வைத்திருப்பதாகவும், தறியிலிருக்கும் பாவு அதற்குள் இறங்கிவிடும் என்றும் நம்மிடம் சொன்னார்.